பிஎச்டிக்குப் பிறகு என்ன? கே. எஸ். கிருஷ்ணன் வாழ்க்கை சொல்லும் பதில்



பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அன்று நம் குடியிருப்புப் பிள்ளைகள் பலரும் பள்ளிக்கு சர் சி. வி. ராமன் படம் ஒட்டிய சார்ட் கொண்டுபோவார்கள். 1928-ஆம் ஆண்டு அதே தேதியில் கல்கத்தாவில் ராமன் விளைவு உறுதியானது என்பது அவர்களுக்கு மனப்பாடம். அன்று அதே அறையில், அதே கருவிக்கு முன்னால் இன்னொரு தமிழரும் இருந்தார் என்பது அந்த சார்ட்டில் பெரும்பாலும் இடம்பெறாது. அவர் பெயர் காரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். உலகம் அறிந்த பெயர் கே. எஸ். கிருஷ்ணன்.

அவரைப் பற்றி இந்தக் காலாண்டு மடலில் எழுத ஒரு காரணம் உண்டு. நம் குடியிருப்பில் பிஎச்டி முடிக்கும் நிலையில் இருக்கும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். முடித்துவிட்டு, போஸ்ட்டாக் என்று சொல்லப்படும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்போரும் உண்டு. லிஃப்டில் அவர்களைப் பார்த்தால் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: இன்னும் எத்தனை வருடம் படிப்பு, எப்போது நிரந்தர வேலை? கேட்பவருக்கு அது அக்கறை, கேட்கப்படுபவருக்கோ அது பாரம். கிருஷ்ணன் ஒளியை ஆராய்ந்தவர். பெரிய பதவி எதுவும் இல்லாமல், ஓர் ஆராய்ச்சித் துணைவராக இன்னொருவரின் ஆய்வுக்கூடத்தில் ஐந்தாண்டுகள் உட்கார்ந்து வேலை செய்தவர். இன்றைய போஸ்ட்டாக் பிள்ளைகளின் நிலைக்கு நம்மவர் ஒருவரின் வாழ்க்கையில் இதைவிட நெருக்கமான கதை கிடைப்பது கடினம்.

வத்திராயிருப்பிலிருந்து சென்னைக்கு

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வத்திராயிருப்பு. 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி கிருஷ்ணன் அங்கே பிறந்தார். தந்தை தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். அந்த இரண்டு மொழி இலக்கியங்களிலும் மகனுக்குக் கடைசிவரை ஈடுபாடு இருந்தது. சொந்த ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பு, பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, அதன் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி.

அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில், சென்னையின் முத்தியால்பேட்டைக்கு அருகில் இருந்தது. நம் ஊர்ப் பெயரில் அங்கும் ஒரு பேட்டை உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். படிப்பு முடிந்ததும் அதே கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. மாணவர்களுக்குச் சோதனைகளைச் செய்து காட்டும் வேலை. மரியாதையான வேலை, மாதச் சம்பளம்.

அங்கே அவர் ஒரு பழக்கத்தை ஆரம்பித்தார். மதிய உணவு நேரத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம். இயற்பியல், வேதியியல், கணிதம் எதிலும் கேள்வி கேட்கலாம். பாடத்திட்டம் கிடையாது, தேர்வும் கிடையாது. இது பரவி, மற்றக் கல்லூரி மாணவர்களும் வர ஆரம்பித்தார்கள். கேள்வி கேட்கவும் கேட்க வைக்கவும் பிடித்த ஒருவர் எந்தப் பக்கம் போவார் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1920-இல் அவர் அந்த வேலையை விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார். ராமனிடம் இயற்பியல் கற்க வேண்டும் என்பதே நோக்கம். கையில் இருந்த வேலையை விட்டு, தெரியாத ஊருக்கு, மறுபடியும் மாணவராக. வீட்டில் பெரியவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதைப் பெற்றோராக இருக்கும் உங்களால் ஊகிக்க முடியும்.

திறந்திருந்த ஒரு கதவு

கல்கத்தா பவ்பஜார் தெருவில் 210-ஆம் எண் கட்டடம். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அங்கே இருந்தது. நல்ல நோக்கத்தில் தொடங்கிய கழகம்தான், ஆனால் ஆராய்ச்சி செய்ய ஆள் வராமல் பல ஆண்டுகள் கிடந்தது. 1907-இல் அரசாங்கக் கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்த ராமன் அந்தக் கதவைத் தட்டினார். பகலில் அலுவலகம், காலையிலும் மாலையிலும் ஆய்வுக்கூடம் என்று பத்து ஆண்டுகள் ஓட்டினார். 1917-இல் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் ஆனார். ராமனும் பிஎச்டி படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. அவர் பெயருக்கு முன்னால் வந்த டாக்டர் பட்டங்கள் எல்லாம் பின்னால் கௌரவமாக வந்தவை.

ராமன் வந்த பிறகு தெற்கிலிருந்து இளைஞர்கள் ஒவ்வொருவராக அங்கே வந்து சேர்ந்தார்கள். பாலக்காட்டைச் சேர்ந்த கே. ஆர். ராமநாதன் அவர்களில் ஒருவர். எஸ். வெங்கடேஸ்வரன் அலிப்பூர் அரசுச் சோதனைச் சாலையில் வேதியியலாளராக வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் வந்து ஆராய்ச்சி செய்தார். கிருஷ்ணன் முதலில் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் படித்தார். 1923-இல் இந்தக் கழகத்தில் ஆராய்ச்சித் துணைவராகச் சேர்ந்தார்.

கேள்வி என்ன? உங்களுக்கு மிகவும் பழக்கமான ஒன்றுதான். மொட்டை மாடியில் நின்று கிழக்கே பார்த்தால் கடல் நீலமாகத் தெரிகிறதே, அது ஏன்? வானத்தின் நீலம் தண்ணீரில் தெரிகிறது, அவ்வளவுதான் என்று பெரிய விஞ்ஞானிகளும் நம்பிய காலம் அது. 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பியபோது ராமன் மத்தியதரைக் கடலைப் பார்த்துச் சோதித்து, அது மட்டும் காரணமல்ல என்று முடிவுக்கு வந்தார். தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. அப்படியானால் மற்றத் திரவங்கள் எப்படிச் சிதறடிக்கும்? இதை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த வேலை கிருஷ்ணனிடம் வந்தது.

அறுபத்தைந்து திரவங்கள்

வேலை கேட்கச் சுலபம், செய்யக் கடினம். ஒரு திரவத்தை எடுத்து, திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்து, காற்றை அகற்றிய கண்ணாடிக் குடுவையில் அடைத்து மூட வேண்டும். ஒரு தூசி இருந்தாலும் ஒளியை அது சிதறடித்துக் கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு ஒரு கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பி, லென்சால் குவித்து, குடுவைக்குள் செலுத்த வேண்டும். இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, பக்கவாட்டில் வரும் மங்கலான ஒளியைக் கவனிக்க வேண்டும். கிருஷ்ணன் இப்படி 65 திரவங்களைச் சோதித்தார். 1925-இல் அது ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தது.

இந்த வேலைக்கு நடுவே ஒரு சின்ன விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. உள்ளே போகும் ஒளியின் நிறத்தில்தான் சிதறும் ஒளியும் வர வேண்டும். ஆனால் மிக மங்கலாக வேறு நிறமும் கலந்து வந்தது. 1923-இல் ராமநாதன் அதைத் தண்ணீரில் கண்டார். கிருஷ்ணன் வேறு பல திரவங்களில் கண்டார். திரவத்தில் ஏதோ அழுக்கு இருந்து ஒளிர்கிறது என்று முதலில் நினைத்தார்கள். எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அது போகவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். ஐந்து வருடம் ஒருவர் திரவத்தை வடிப்பதும் குடுவையைப் பார்ப்பதுமாக இருக்கிறார். அந்த ஐந்து வருடத்தின் நடுவில் அவரை லிஃப்டில் பார்த்து, என்ன சாதித்தீர்கள் என்று கேட்டிருந்தால் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் போகாத அந்த மங்கல் ஒளி உண்மையானது என்று நம்புவதற்கு அந்த 65 குடுவைகள்தான் அடித்தளம். அழுக்கு என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்குச் சுத்தமாக வேலை செய்தவர்களால் மட்டுமே அதைக் கண்டுபிடிப்பாக மாற்ற முடிந்தது.

1928 பிப்ரவரி

அதற்கு முந்தைய சில காலம் கிருஷ்ணன் அதிகமாகக் கணக்கிலும் கோட்பாட்டிலும் இறங்கியிருந்தார். ராமனுடன் சேர்ந்து அதில் நல்ல கட்டுரைகளும் எழுதியிருந்தார். ஆனால் சோதனையை நெடுநாள் விட்டு இருப்பது ஓர் அறிவியலாளருக்கு நல்லதல்ல என்பது ராமனின் எண்ணம். பிப்ரவரி தொடக்கத்தில் அவரை மறுபடியும் சோதனை மேசைக்கு இழுத்தார். அந்த நாட்களில் என்ன நடந்தது என்பது நமக்கு நன்றாகத் தெரியும். காரணம், கிருஷ்ணன் நாட்குறிப்பு எழுதினார்.

பிப்ரவரி 7. அன்று காலை அவர்கள் பல கரிமத் திரவங்களில் அந்த மங்கல் ஒளியை மறுபடியும் கவனித்தார்கள். இந்த முறை அதன் முனைவாக்கத்தைப் பார்த்தார்கள். ஒளி அலைகள் எல்லாத் திசையிலும் அதிராமல் ஒரு திசையில் அதிகமாக அதிர்வதற்குத்தான் முனைவாக்கம் என்று பெயர். அழுக்கு ஒளிர்ந்தால் வரும் ஒளியில் அது அநேகமாக இருக்காது. இந்த ஒளியிலோ அது பலமாக இருந்தது. எனவே இது அழுக்கின் ஒளிர்வு அல்ல. அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கிருஷ்ணனும் வெங்கடேஸ்வரனும் தங்கள் அறையில் பேசிக்கொண்டிருந்தபோது, ஒன்பது மணிவாக்கில் ராமன் வீடு தேடி வந்து கிருஷ்ணனைக் கூப்பிட்டார். காலையில் பார்த்தது, இத்தனை நாள் தேடிய அந்த விளைவாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருந்தார். கிராமர்ஸ், ஹைசன்பர்க் என்ற இருவர் 1925-இல் காகிதத்தில் கணக்கிட்டுச் சொன்னது அது. வாசலில் நின்றபடியே கால் மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள்.

பேராசிரியர் இளையவரின் வீட்டுக்கு ராத்திரியில் நடந்து வருகிறார். முதலில் சொல்ல வேண்டிய ஆள் இவர்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஓர் ஆய்வுக்கூடம் நல்லதா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல அடையாளம் வேண்டுமா?

பிப்ரவரி 16 தேதியிட்டு, நேச்சர் இதழுக்கு ஒரு கடிதம் போயிற்று. மார்ச் 31 இதழில் அது வெளிவந்தது. கீழே இரண்டு பெயர்கள்: ராமன், கிருஷ்ணன். இடையில் பிப்ரவரி 28 அன்று, குறுகலான நிற வரம்புள்ள ஒளியைச் செலுத்தி நிறமாலைக் கருவி வழியாகப் பார்த்தார்கள். பழைய நிறம் ஒரு பக்கம், புதிய நிறம் இன்னொரு பக்கம், நடுவில் தெளிவான இருட்டு இடைவெளி. இனிச் சந்தேகத்துக்கே இடமில்லை. மறுநாள் செய்தி பத்திரிகைக்குப் போயிற்று.

நடப்பது என்ன என்று சுருக்கமாகச் சொன்னால்: மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகப் பெரும்பகுதி வந்த நிறத்திலேயே திரும்பும். சுமார் ஒரு கோடியில் ஒரு பங்கு மட்டும் மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டோ எடுத்துக்கொண்டோ நிறம் மாறி வரும். எவ்வளவு மாறும் என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். கைரேகை போல. அதனால்தான் இன்று ஒரு மருந்துத் தூள் போலியா, விமான நிலையத்தில் ஒரு புட்டியில் இருப்பது வெடிபொருளா என்று திறக்காமலே ராமன் கருவியால் பார்க்கிறார்கள். உங்கள் ஹாலில் சுவரோரம் மின்னும் ஃபைபர் இணையப் பெட்டிக்கும் இதில் பங்கு உண்டு. நெடுந்தூரக் கண்ணாடி இழைகளில் களைத்துப்போகும் ஒளிச் சமிக்ஞைக்குத் தெம்பூட்ட இதே விளைவைப் பயன்படுத்துகிறார்கள். இப்படி ஒளியை வைத்துச் செய்யும் தொழில்நுட்பத்துக்குத்தான் இன்று ஃபோட்டானிக்ஸ் என்று பெயர்.

அப்போது நம் ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அதே பிரான்சில், மோன்பெலியே நகரில், ஜான் கபான் என்ற தேர்ந்த விஞ்ஞானி இதே விளைவைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் வாயுக்களில் தேடினார். வாயுவில் சிதறும் ஒளி மிகமிகக் குறைவு, அதனால் பிடிபடவில்லை. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்கும் மாண்டல்ஷ்டாமும் படிகங்களில் அதே மாதத்தில் கண்டார்கள், ஆனால் அவர்களின் கட்டுரை பிந்தி வந்தது. கல்கத்தாவுக்குச் சாதகமாக இருந்தவை கோடை தொடங்காத பிப்ரவரி வெயில், சுத்தமான திரவங்கள், பழகிய கண்கள்.

பரிசும் பங்கும்

1930-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் அவர் தம்முடன் உழைத்தவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். ஆனாலும் விளைவுக்கு ஒரு பெயர்தான் ஒட்டியது. பெயர் வைத்தவரும் இந்தியர் அல்ல, பிரிங்ஷைம் என்ற ஜெர்மானியர்.

இது நியாயமா? இன்றுவரை பேசப்படும் கேள்வி. ஏழு ஆண்டுகள் விடாமல் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ராமன். ஆய்வுக்கூடத்தைக் கட்டியவர், ஆட்களைச் சேர்த்தவர், பார்த்ததன் பொருள் என்ன என்று கண்டுகொண்டவர் அவர். முக்கியமான நாட்களில் மேசைக்கு முன்னால் இருந்தவரும், முதல் கடிதத்தில் கையெழுத்திட்டவரும் கிருஷ்ணன். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் இளம் ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியும், இந்தக் கேள்வி 1930-உடன் முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திலும், ஒவ்வொரு கட்டுரையிலும் பெயர் வரிசை போடும்போது இது மறுபடியும் எழுகிறது.

நாம் கவனிக்க வேண்டியது கிருஷ்ணன் அடுத்து என்ன செய்தார் என்பதை. நோபல் பரிசுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1928 டிசம்பரில், அவர் டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடராகப் போய்விட்டார். சத்யேந்திரநாத் போஸ் இருந்த இடம் அது. உலகமே ராமன் விளைவின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், கிருஷ்ணன் வேறு துறையைத் தொட்டார். படிகங்களின் காந்தத் தன்மை. ஒரு சின்னப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து, உள்ளே மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொன்னார். அவர் உருவாக்கிய அளவை முறை மற்ற நாடுகளுக்கும் போயிற்று. இங்கிலாந்தில் எக்ஸ்ரே வழியாகப் படிகங்களை ஆராய்ந்த கேத்லீன் லான்ஸ்டேலும் அவரும் சேர்ந்து 1936-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பின்னாளில் கிருஷ்ணனின் வாழ்க்கையை ராயல் சொசைட்டிக்காக ஹோமி பாபாவுடன் சேர்ந்து எழுதியவரும் அதே லான்ஸ்டேல்.

1933-இல் ராமன் பெங்களூருக்குப் போனார். கிருஷ்ணன் பவ்பஜார் தெருவுக்கே, இம்முறை மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பி வந்தார். ஒளியையும் அவர் விட்டுவிடவில்லை. பெரிய துகள்கள் கலந்த திரவங்களில் ஒளி எப்படிச் சிதறும் என்பதற்கு அவர் கண்ட விதி கிருஷ்ணன் விளைவு என்றே அழைக்கப்பட்டது. 1937-இல் ரதர்ஃபோர்டும் பிராகும் அவரைக் கேம்பிரிட்ஜுக்கும் லண்டனுக்கும் உரையாற்ற அழைத்தார்கள். 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1946-இல் சர் பட்டம்.

மணிக்கூண்டுக்கும் அவருக்கும் உள்ள உறவு

நாடு விடுதலை அடைந்த 1947-இல், புது டெல்லியில் உருவாகிக்கொண்டிருந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக கிருஷ்ணன் பொறுப்பேற்றார். 1950 ஜனவரியில் ஆய்வகம் திறக்கப்பட்டது. நாட்டின் அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான மீட்டர், கிலோகிராம், வினாடி ஆகியவற்றைக் காப்பது அதன் பணி. இந்தியத் திட்ட நேரத்தை இன்றும் அங்குள்ள அணுக் கடிகாரங்கள்தான் பராமரிக்கின்றன. நம் முத்தியால்பேட்டை மணிக்கூண்டு சரியான நேரம் காட்டுகிறதா என்று நீங்கள் கைப்பேசியைப் பார்த்துச் சரிபார்க்கும்போது, கடைசியாக ஒப்பிடுவது அந்த நேரத்தோடுதான். வாக்குச்சாவடியில் நம் விரலில் வைக்கும் அழியாத மையும் அதே ஆய்வகத்தில் உருவானது. ஆய்வகம் இருக்கும் சாலைக்கு இன்று அவர் பெயர்.

1948-இல் அமைந்த முதல் அணுசக்தி ஆணையத்தில் பாபா, பட்நாகர் இருவருடன் மூன்றாவது உறுப்பினர் கிருஷ்ணன். 1949-இல் இந்திய அறிவியல் மாநாட்டின் தலைவர். 1954-இல் பத்ம பூஷண். 1958-இல் பட்நாகர் விருது தொடங்கியபோது அதை முதலில் பெற்றவர் அவர்தான். இத்தனை பொறுப்புகளுக்கு நடுவிலும், மின்சாரத்தால் சூடாகும் கம்பியில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பது போன்ற கேள்விகளில் இளைஞர்களுடன் உட்கார்ந்து கட்டுரைகள் எழுதிக்கொண்டே இருந்தார். 1961 ஜூனில், 62 வயதில் காலமானார்.

நம் பிள்ளைகளுக்கு என்ன பயன்?

இன்று ஒளியியலில் போஸ்ட்டாக் செய்ய விரும்புவோருக்குக் கதவுகள் நிறைய. ராமன் 1948-இல் தொடங்கிய பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையம், இந்திய அறிவியல் கழகம், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், லேசர் ஆராய்ச்சிக்கென்றே இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையம், சென்னை ஐஐடி, கிருஷ்ணன் வேலை செய்த கல்கத்தா கழகம், அவர் நடத்திய டெல்லி ஆய்வகம் ஆகியவை இன்றும் ஒளியில் வேலை செய்கின்றன. வெளிநாடு என்றால் ஜெர்மனியில் எர்லாங்கன் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஒளி அறிவியல் நிலையம், பார்சிலோனா அருகே ஐசிஎஃப்ஓ, பாரிஸ் அருகே பலசோவில் அன்ஸ்தித்யூ தொப்தீக். கடைசியாகச் சொன்ன இடத்தில்தான் 2022 நோபல் பெற்ற அலன் அஸ்பே வேலை செய்தார். வீட்டில் பிரெஞ்சு பேசத் தெரிந்த பெரியவர் இருந்தால் பிள்ளைகள் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்.

உதவித்தொகைகளில் இந்திய அரசின் தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் இரண்டு ஆண்டுகளுக்கானது. பொதுவாக 35 வயது வரை, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. ஐரோப்பாவில் மேரி கியூரி ஃபெல்லோஷிப், ஜெர்மனியில் ஹம்போல்ட் ஃபெல்லோஷிப். விதிகள் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் இவை எல்லாவற்றுக்கும் பொது. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே, உங்களைத் தம் ஆய்வுக்கூடத்தில் ஏற்றுக்கொள்ளும் ஒரு வழிகாட்டியை நீங்களே பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.

அதாவது இன்றைய விதியும் 1920-இல் கிருஷ்ணன் செய்ததையே செய்யச் சொல்கிறது. முதலில் ஆளைத் தேடு, கேள்வியைத் தேடு. பதவியும் பணமும் அதைத் தொடர்ந்து வரட்டும். அவர் வாழ்க்கையிலிருந்து மூன்று குறிப்புகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

ஒன்று, போகப்போகும் ஆய்வுக்கூடத்தில் இப்போது இருக்கும் இளையவர்களிடம் பேசிப் பாருங்கள். புதிதாக ஒன்றைக் கண்டால் பேராசிரியர் அவர்களைத் தேடி வருகிறாரா, கட்டுரையில் பெயர் எப்படிப் போடுகிறார் என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

இரண்டு, தேதியிட்ட குறிப்பேடு எழுதுங்கள். கிருஷ்ணன் எழுதாமல் விட்டிருந்தால் அந்த பிப்ரவரியில் அவர் பங்கு என்ன என்று இன்று யாருக்கும் உறுதியாகத் தெரிந்திருக்காது.

மூன்று, ஒரு வேலை முடிந்ததும் அடுத்த கேள்விக்குத் துணிந்து போங்கள். டாக்காவுக்குப் போன கிருஷ்ணன் பழைய புகழின் நிழலில் நிற்கவில்லை. அதனால்தான் அவர் பெயர் ராமன் விளைவின் அடிக்குறிப்பாக நின்றுபோகவில்லை.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆராய்ச்சியில் இருக்கும் பிள்ளையை அடுத்த முறை லிஃப்டில் பார்த்தால், எப்போது வேலை என்று கேட்காமல், எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறாய் என்று கேளுங்கள். நமக்குப் பாதி புரியாமல் போகலாம், பரவாயில்லை. இரண்டு மாடி ஏறுவதற்குள் அந்தப் பிள்ளை ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லப் பழகிக்கொள்ளும். விண்ணப்பக் கடிதத்துக்கும் நேர்முகத்துக்கும் அது நல்ல பயிற்சி.

ஆராய்ச்சியில் இருக்கும் நம் குடியிருப்புப் பிள்ளைகள் தங்கள் வேலையைப் பற்றி எளிய தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தந்தால் அடுத்த காலாண்டு மடலில் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம். விஞ்ஞானியாக வேண்டும் என்று சொல்லும் பள்ளிப் பிள்ளைகள் இப்போதைக்கு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டுப் பால் விட்டு, இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பக்கவாட்டில் பார்த்தால் நீலம் தெரியும். டார்ச்சுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் மஞ்சளாகத் தெரியும். ஏன் என்று கேட்டால், உடனே விடை சொல்லிவிடாமல் அவர்களே கொஞ்ச நேரம் யோசிக்கட்டும்.